ஏட்டில் இல்லாத அறை

தெலுங்கு மொழியில் 'பன்னு' என்றால் பல். 'பன்னு' என்றால் வரியுந்தான். சித்தூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த இரட்டைப் பொருள் சிறு வயதிலேயே பழகிப் போகும். வீட்டு வரி கேட்டு நகராட்சி ஆள் தெருவுக்குள் நுழைந்தால், "பல்லைப் பிடுங்க ஆள் வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே என் தாயார் உள்ளே போய்ப் பணம் எடுத்து வருவார். வந்தவரும் சிரிப்பார், அவருக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும். அந்த வேடிக்கைப் பேச்சு எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகக் கேட்பதில்லை.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். படித்தது பி.ஏ.; வயது நாற்பத்தைந்தை நெருங்குகிறது. வேலை திருப்பதியில், குடியிருப்பதும் அங்கே கொர்லகுண்ட்டாவில் ஒரு வாடகை வீட்டில். தாயார் இருப்பது சித்தூரில், தந்தையார் கட்டிய சொந்த வீட்டில். எழுபது கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், நான் ஒரு மாவட்டத்திலும் அவர் ஒரு மாவட்டத்திலும் இருக்கிறோம். எல்லைகள் நம்மைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1953இல் ஆந்திரத்தோடு போயிற்று. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. சித்தூர்த் தமிழர் இருந்த இடத்திலேயே இருந்து, இத்தனையையும் பார்த்தனர்.

என் தந்தையார் அப்படி இருந்தவர் அல்லர், வந்தவர். 1967இல் குடியாத்தத்திலிருந்து வந்து வெல்ல மண்டி ஒன்றில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தார். பதினாறு ஆண்டுகள் வாடகை வீடுகளில் காலந்தள்ளி, 1983இல் ஊரின் ஓரத்தில் ஒரு சிறு மனை வாங்கினார். அன்று அது முள்ளும் கல்லுமாய்க் கிடந்த இடம். மூன்று ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக 640 சதுர அடியில் ஒரு வீடு எழும்பிற்று. கான்கிரீட் தளம், முன்பக்கம் ஒரு திண்ணை, பின்னால் ஒரு கிணறு. கிணறு வற்றி நெடுங்காலம் ஆகிறது. திண்ணை இருந்த இடம் இப்போது ஒரு சிறு குடித்தனத்துக்கு வாடகைக்கு விட்ட முன்கட்டு.

வெளியூரில் வேரூன்றிய குடும்பத்தாருக்கு வீட்டு வரி ரசீது எத்தகைய பொருள் என்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொந்த ஊரில் இருப்பவனுக்கு அவன் ஊர்க்காரன் என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. நமக்கு ஒரு காகிதம் வேண்டும். ரேஷன் அட்டைக்கும், மின் இணைப்புக்கும், என் பள்ளிச் சேர்க்கைக்கும் தந்தையார் அந்த ரசீதைத்தான் நீட்டினார். அதில் அவர் பெயர் தெலுங்கு எழுத்தில், 'ழ'கரம் 'ள'கரமாகிக் கிடக்கும். ஆயினும் அது அவர் பெயர். இந்த ஊரின் ஏட்டில் இருக்கும் பெயர். ஒவ்வொரு ரசீதையும் ஆண்டு வரிசையில் நூலால் கட்டி, ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார். 2014இல் அவர் காலமான பிறகு அந்தப் பெட்டி தாயாரின் கட்டிலடியில் இருக்கிறது.

அந்தக் கட்டை ஒரு நாள் அவிழ்த்துப் பார்த்தேன். ஏறக்குறைய அசையாமல் நின்ற தொகை, 2021க்குப் பின் ஏணிப்படி போல ஏறத் தொடங்கியிருந்தது. 2020-21இல் 2,140 ரூபாய். அடுத்த ஆண்டு 2,461. பிறகு 2,830, 3,255, 3,743. ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து. பதினைந்து என்பது கேட்கும்போது சிறிய எண்தான். ஆனால் பதினைந்தின் மேல் பதினைந்து என்று ஐந்து முறை ஏறினால் முதல் தொகை இரு மடங்கைத் தாண்டிவிடும். தந்தையார் இருந்திருந்தால் இதை மனக்கணக்காகவே சொல்லியிருப்பார். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

இந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? கோப்பு பார்ப்பது என் தொழிலாதலால், அதன் மூலத்தைத் தேடும் ஆசை எனக்கு உண்டு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் மாநிலங்களின் வருவாய் படுத்துவிட்டது. அந்த மே மாதம் மத்திய அரசு, மாநிலங்கள் கடன் வாங்கும் வரம்பை அவற்றின் உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்த்தியது. ஆனால் அந்தக் கூடுதலில் ஒரு பகுதிக்குச் சில சீர்திருத்தங்கள் நிபந்தனை. அவற்றுள் ஒன்று, நகரங்களின் சொத்து வரியை நிலத்தின் அரசு வழிகாட்டி மதிப்போடு பொருந்துமாறு அமைப்பது. அதற்குக் கால் விழுக்காடு. ஆந்திரம் அதை முதலில் நிறைவேற்றிய மாநிலங்களுள் ஒன்றாகி, ஏறத்தாழ 2,500 கோடி ரூபாய் கூடுதல் கடன் வாங்கும் அனுமதியைப் பெற்றது. 2020 நவம்பரில் புதிய விதிகள் வந்தன. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையாயின. தில்லியில் ஒரு சுற்றறிக்கை புறப்படுகிறது. அது சித்தூரில் ஒரு கட்டிலடித் தகரப்பெட்டியை வந்து சேருகிறது. என் மேசை வழியாகவும் நாள்தோறும் எத்தனையோ சுற்றறிக்கைகள் போகின்றன. அவை எந்தப் பெட்டிக்குப் போகின்றன என்று அதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பழைய முறையில், இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்து வரி போட்டார்கள். உரிமையாளரே குடியிருந்தால் கணிசமான கழிவும் உண்டு. புதிய முறையில் கேள்வியே வேறு: இதை விற்றால் என்ன விலை போகும்? பதிவுத் துறையின் கணக்குப்படி நிலத்துக்கு ஒரு மதிப்பு, கட்டடத்துக்கு ஒரு மதிப்பு; இரண்டையும் கூட்டி, குடியிருப்பானால் அதில் நூற்றுக்கு 0.10 முதல் 0.50 வரை அந்தந்த ஊர் நிர்ணயிக்கும் பங்கு. இந்தப் புது வரியை எட்டும்வரை ஆண்டுக்குப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது விதி. 375 சதுர அடிக்கு உட்பட்ட, சொந்தக்காரர் குடியிருக்கும் வீடானால் ஆண்டுக்கு 50 ரூபாய் போதும். எங்கள் வீடு அந்தக் கருணைக்கு 265 சதுர அடி பெரிது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆந்திரத்தில் வீடுகளுக்கான வரி 2002க்குப் பிறகு திருத்தப்படவே இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! அதற்குள் சித்தூர் நகராட்சி மாநகராட்சியாயிற்று. சாக்கடைக்கும் விளக்குக்கும் குடிநீருக்கும் ஆகும் செலவு எங்கோ போயிற்று. வரி ஏறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது அந்தக் கேள்விதான். விற்க நினையாத வீட்டை, விற்றதாக வைத்துக்கொண்டு அந்த விலையில் பங்கு கேட்பது. மனை மதிப்பு ஏறியதால் என் தாயாரின் கைக்கு ஒரு காசும் வந்ததில்லை. முன்கட்டு வாடகை 3,500 ரூபாயும் பிள்ளைகள் அனுப்புவதும்தாம் அவருக்கு வருமானம்.

திருப்பதியில் இதே கதையை மறுபக்கத்திலிருந்து கேட்டேன். யாத்திரிகரால் வளர்ந்த அந்த ஊரில் மனை விலையைச் சொல்லவே வேண்டாம். என் வீட்டுக்காரர் வந்து நோட்டீசைக் காட்டி, "பன்னு பெரிகிந்தி சார்" என்றார். அடுத்த மாதம் முதல் வாடகையில் 500 ரூபாய் ஏறிற்று. அவருக்கு ஆண்டு முழுவதற்கும் கூடிய வரி அவ்வளவு இராது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வாடகைக்காரன் வரி நோட்டீசைப் படிக்கலாம். மறுமொழி எழுத முடியாது.

வேலூரில் இருக்கும் அக்காள் இதைக் கேட்டுவிட்டு, "உங்க ஊர்லயாவது படிப்படியா ஏத்துறான், எங்களுக்கு ஒரே அடிதான்" என்றாள். உண்மைதான். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் வந்த அறிவிப்பில், சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில், 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50உம், 1,800 வரை 75உம், அதற்கும் மேற்பட்டவற்றுக்கு 100உமாக வரி ஒரேயடியாக உயர்ந்தது. அக்காளுக்கு 75. ஒரே அடியா, ஆண்டுதோறும் ஓர் அடியா, எது தாங்கத்தக்கது என்று நாங்கள் தொலைபேசியில் அரை மணி நேரம் வாதாடினோம்.

வரியைப் பற்றிப் பேசும் தமிழர் எவரும் பிசிராந்தையாரின் யானையை மறப்பதில்லை. பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அவர் சொன்ன அறிவுரை புறநானூற்றில் 184ஆம் பாட்டு. சிறு நிலத்தின் நெல்லையும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் வரும். அதுவே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதிப்பது மிகுதி என்பது கருத்து. மேடைகளில் பல முறை கேட்ட உவமைதான். ஆனால் புலவர் சொன்ன இரண்டு யானைகளுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. கயிறு கட்டி, ஆண்டுக்கு ஓரடி மட்டும் வயலுக்குள் வைக்க விடப்பட்ட யானை. அது மிதிப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெங்களூரில் இருக்கும் அண்ணன் பேச்சை வளர்ப்பவர் அல்லர். "வித்துட்டு அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடலாம். வர்ற பணத்தை வங்கியில போட்டா, வட்டியில அம்மா ராணி மாதிரி இருக்கலாம்" என்றார். தவறான கணக்கு அன்று. தாயாரிடம் சொன்னேன். அவர் ஒன்றுமே சொல்லாமல் எழுந்துபோய் விளக்கேற்றினார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

2024 டிசம்பரில் எங்கள் தெருவார் சேர்ந்து ஒரு மனுக் கொடுப்பதென்று முடிவு செய்தனர். முன்னின்றவர் எதிர் வீட்டு மாஸ்டாரு. தெலுங்குப் பள்ளியில் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பிறந்தது முதல் அறிந்தவர். "நாயனா, நீ ஆபீசுல எழுதறவன். நீ எழுதினா ஒழுங்கா இருக்கும்" என்று காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். முதியோர் குடியிருக்கும் வீடுகளுக்கு ஆண்டு உயர்வைக் குறைக்க வேண்டும்; எந்தத் தொகையில் போய் இந்த ஏற்றம் நிற்கும் என்பதை ஒவ்வொரு நோட்டீசிலும் எழுத வேண்டும். இப்படி நான்கு வேண்டுகோள்கள். மனுவுக்கு வலு வேண்டும் என்று ஐந்தாவதாக நானே ஒன்று சேர்த்தேன்: அதிகாரிகள் நேரில் வந்து எங்கள் வீடுகளை அளந்து, உள்ளபடி வரி விதிக்கட்டும், உள்ளதற்கு உரியதைக் கட்ட நாங்கள் பின்வாங்குபவர் அல்லர்.

இந்த வரியை எழுதி முடித்தபோது நான் அமர்ந்திருந்த இடம் எங்கள் வீட்டு மாடியறை.

பன்னிரண்டு அடிக்குப் பதினைந்து அடி. 180 சதுர அடி. 2009இல் என் திருமணத்திற்கு இரண்டு மாதம் முன்பு தந்தையார் கட்டியது. மணமக்கள் தங்க ஓர் அறை இல்லையே என்ற கவலையில், கொத்தனாரை அழைத்து அவசர அவசரமாக எழுப்பினார். வரைபட அனுமதி வாங்கவில்லை. வரி ஏட்டிலும் ஏறவில்லை. அன்றுமுதல் எந்த ரசீதிலும் 640 சதுர அடிதான். நானும் மனைவியும் வாழ்க்கையைத் தொடங்கிய அறை, என் மகள் முதன்முதலில் நடை பழகிய அறை, நகரின் ஏட்டில் இல்லவே இல்லை. பெட்டியில் இருந்த ரசீதுகளை எத்தனை முறை புரட்டியிருப்பேன்! ஏறிய தொகையைத்தான் பார்த்தேனேயன்றி, ஏறாத அளவைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்று சொல்வதே பொருத்தம்.

ஐந்தாவது வேண்டுகோளை அடித்துவிடலாம் என்பதே எனக்கு முதலில் தோன்றியது. நான்கே போதும், யாரும் கேட்கப் போவதில்லை. அப்படி எண்ணிக்கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டு மாடி கண்ணில் பட்டது. மாஸ்டாரு தம் மாடியை 2011இல் அனுமதி வாங்கிக் கட்டினார். அதற்கும் சேர்த்து வரி கட்டி வருகிறார். ஒரே அளவு மனை, ஒரே தெரு, ஒரே சாக்கடை, ஒரே விளக்கு. அவர் கட்டுவதில் ஒரு பகுதி பதினைந்து ஆண்டுகளாக என் வீட்டு வாசலின் விளக்குக்கும் எரிந்துகொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1978இல் மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தனர். வீட்டு வரி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. வீடு கைமாறும்வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. வரி ஏற்றத்தால் வீட்டை இழக்க நேருமோ என்று அஞ்சிய முதியோர்க்கு அது பெரிய காப்பு. ஆனால் அதன் விளைவாக, அடுத்தடுத்த ஒரே மாதிரி இரு வீடுகளில், முன்பே வாங்கியவர் ஒரு பங்கும் புதிதாக வாங்கியவர் பல மடங்கும் கட்டும் நிலை வந்தது. அங்கு வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இந்தப் பல மடங்குக்காரர்கள். படித்தபோது எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்தது. மாஸ்டாருக்காக அது வரவில்லை.

தாயாரிடம் சொன்னேன். வாழ்நாளில் அவர் என்மேல் அவ்வளவு கோபம் கொண்டு நான் பார்த்ததில்லை.

"உங்கப்பா கட்டின அறைடா அது. மண்டியில நாப்பது வருஷம் கணக்கு எழுதினார். ஒரு வெல்ல உருண்டை வீட்டுக்கு எடுத்து வந்தவர் இல்லை. அவரைக் கள்ளக் கணக்குக்காரர்னு நீ எழுதிக் கொடுக்கப் போறியா?"

என்னிடம் மறுமொழி இல்லை. மாஸ்டாரு கேட்டால் இன்னும் எழுதி முடியவில்லை என்று சொல்லிவிட்டு, மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திருப்பதிக்குத் திரும்பினேன். பாகாலா வழியாகப் போகும் அந்த ரயிலில், இருபது ஆண்டு அரசுப் பணியில் எத்தனை பேரின் விண்ணப்பங்களில் 'விவரம் முழுமையாக இல்லை' என்று எழுதித் திருப்பியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து, பொங்கலுக்குப் போனபோது, தாயார் தாமாகவே பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மாடியறை கட்டிய கணக்கு. தந்தையாரின் முத்து முத்தான கையெழுத்து. செங்கல், மணல், சிமெண்டு மூட்டை, கம்பி, கொத்தனார் கூலி, சிற்றாள் கூலி, கதவு, வெள்ளையடிப்பு. கொத்தனாருக்கு வாங்கிக் கொடுத்த தேநீர்கூட உண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. கடைசி வரியில் 'முனிசிபாலிடி' என்று எழுதி, எதிரே கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே கூட்டலும் போடவில்லை. மண்டிக் கணக்கில் முடியாத கணக்குக்குத்தான் அவர் கூட்டல் போடாமல் விடுவார்.

"கல்யாணச் செலவு ஆயிடுச்சு. அப்புறம் பார்க்கலாம்னார். அப்புறம் உடம்பு சரியில்லாமப் போச்சு" என்றார் தாயார். சற்று நேரம் கழித்து, "நீ போய் எழுதிக் குடு" என்றார்.

அந்த வாரமே வார்டு சச்சிவாலயத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். இருவர் வந்து நாடா பிடித்து அளந்தனர், சரியாக 180. அனுமதியின்றிக் கட்டியதால் தண்டம் உண்டு என்பது எனக்கு முன்பே தெரியும். மார்ச்சில் வந்த நோட்டீசில், மாடியறையும் தண்டமும் சேர்த்து 2025-26க்கு 6,180 ரூபாய். அறையைச் சொல்லாமல் இருந்திருந்தால் 4,304. அண்ணனிடம் சொன்னபோது அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "என் பங்கு எவ்வளவுன்னு சொல்லு, அனுப்பறேன்" என்றார். அக்காள் சிரித்தாள்.

மனுவையும் நான் கைவிடவில்லை. மாஸ்டாருவிடம் போய், முதலில் என் வீட்டுச் சேதியைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க நாயனா என்கிட்ட ஒருநாள் கேட்டாரு, பிளான் ஃபீசு எவ்வளவு ஆகும்னு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஐந்து வேண்டுகோள்களும் அப்படியே இருக்க, முதல் கையெழுத்தை என்னைப் போடச் சொன்னார். கொடுத்ததற்கு முத்திரையிட்ட நகல் எங்களிடம் இருக்கிறது.

ஏப்ரல் 30க்குள் ஆண்டு வரி முழுவதையும் கட்டினால் நூற்றுக்கு ஐந்து தள்ளுபடி. 309 ரூபாய் கழிந்து 5,871 கட்டினேன். ரசீதைத் தாயாரிடம் கொடுத்தபோது, தெலுங்கில் இருப்பதைப் படித்துச் சொல்லச் சொன்னார். தந்தையாரின் பெயரை, அதே 'ள'கரத்தோடு, படித்தேன். தெருவின் பெயர், கதவு எண், தரைத்தளம் 640. "அடுத்தது?" என்றார். முதல் தளம், 180 என்றேன். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நோட்டுப் புத்தகத்தில் அந்த வெறுமையான கட்டத்தில் தொகையை எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். "அவர் நோட்டில எழுதாதே" என்று தடுத்துவிட்டு, ரசீதை வாங்கி அந்தப் பக்கத்துக்கு இடையில் வைத்து மூடினார். பெட்டியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, "வர்ற வருஷம் எவ்வளவு ஏறும், கணக்குப் போட்டுச் சொல்லு. இப்பவே எடுத்து வைக்கணும்" என்றார்.